காளியப்பன் மாட்டிய காயில்கள்

செய்தி ஒரு படமாக வந்தது. காளியப்பன் வண்டியருகே குந்தியிருக்கும் பழைய படம். யாரோ அதைச் சுற்றி மாலை போட்டு, கீழே இரண்டு விளக்குகளை வைத்து, பெயரைக் காளிப்பன் என்று தப்பாக எழுதி, ஊர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். மத்தியான நேரம். நான் சென்னையில் நூலகத்துக்கு வெளியே படிக்கட்டில் நின்றிருந்தேன். படத்தின் கீழே கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன். இரண்டரை மாதத்துக்கு முன் நான் எழுதிய பத்தி அதே குழுவில் கிடந்தது. அதன் கீழே நீங்கள் எழுதியவையும் கிடந்தன. ஒருவரும் அழிக்கவில்லை.

இதையும் அதே குழுவில்தான் போடப்போகிறேன். நீங்கள் அவரை அறிந்தவர்கள். நான் எங்கே பொய் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நாட்டுப்புறக் கதைகளைப் பற்றிய ஆய்வுக்காக ஜவ்வாது மலைக்கு வந்தவன் நான். வந்தது அப்பாவின் பழைய வண்டியில். கண்ணமங்கலம்வரை நன்றாக ஓடியது. மலைப்பாதையில் நின்றது. அரைமணி நேரம் கழித்து உதைத்தால் கிளம்பும், இரண்டு வளைவு ஏறும், மறுபடி நிற்கும். கீழே புளிமூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் தன் வண்டியை ஓரங்கட்டினார். அவர்தான் காளியப்பன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டேங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ தொட்டார்.

“சுடுது பாருங்க சார். காயில் சூடானா கரண்ட்ட வுட்டுடுது. ஆறினா வருது. வண்டி மேல தப்பு இல்ல.”

மெக்கானிக்கா என்று கேட்டேன்.

“இல்ல சார். வண்டி எனக்குத் தெரியாது. காயில் மட்டும்தான் தெரியும்.”

அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது வெறும் உண்மை என்பது பிறகு தெரிந்தது. சென்னைக்கு வெளியே ஒரு வண்டிக் கம்பெனியில் ஆறு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்திருக்கிறார். நகரும் பட்டையில் வண்டிச் சட்டம் வரும். எஞ்சினுக்குப் பொறி தரும் காயில் ஒன்று, இரண்டு போல்ட், ஒரு கிளிப். அடுத்த சட்டம் வரும். ஆறு வருடமும் அதே காயில், அதே இரண்டு போல்ட். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து சாமை விதைத்தார். கார்புரேட்டரைக் கொஞ்சம் பாருங்கள் என்று யாராவது கேட்டால், “அது பக்கத்து ஆளு வேலை” என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். அந்தப் பக்கத்து ஆள் இன்னும் தன் அருகில் நிற்பதுபோல.

மலையில் ஓடுபவை எல்லாம் கீழே யாரோ ஓட்டிச் சலித்த வண்டிகள். மூட்டையோடு ஏற்றத்தில் காயில் சூடேறி நின்றுவிடும். மார்கழிக் காலையில் எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. புது வண்டிகளின் காயில் சின்னது, அதன் பொறி பலமானது. அதைத்தான் பழைய வண்டிகளுக்கு மாற்றினார் காளியப்பன். ஆனால் கண்டதையும் மாட்டமாட்டார். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துத் தடையை அளப்பார். தடை குறைந்த காயிலை மாட்டினால் வண்டியின் மின்பெட்டி எரிந்துவிடும் என்று தூக்கி ஓரம் வைப்பார். போல்ட் ஓட்டைகள் பொருந்தாது. ஆயில் டப்பாவின் தகரத்தை வெட்டிப் பட்டையாக்கி, அதில் காயிலைப் பிடிக்கவைப்பார். என் வண்டிக்கும் அப்படி ஒன்று மாட்டினார். மறுநாள் எங்கும் நிற்காமல் மேலே வந்தேன்.

வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்: “மெதுவா ஓட்டச் சொன்னாங்க.” யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய பேச்சு வழக்கம் அது என்று எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

புது வண்டி காயலாங்கடைக்கு எப்போது வரும்? ஒரு நிமிடம் யோசித்தால் தெரியும். நான் யோசிக்கவில்லை. கண்ணமங்கலம் சாலையில் இருந்த கடைக்கு ஒருநாள் அவரோடு போனபோது கண்ணால் பார்த்தேன். முன்சக்கரம் மடங்கிய வண்டி. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். காளியப்பன் வாங்கவில்லை. ஓட்டிய பையன் எந்த ஊர், கருமாதி ஆகிவிட்டதா என்று மட்டும் விசாரித்தார். ஆகவில்லை. ஒன்பது நாள் கழித்து, காரியம் முடிந்த மறுநாள், என்னையும் அழைத்துக்கொண்டு படவேட்டுக்குப் போனார். கரும்புக்காட்டு ஓரத்தில் வீடு. பையனின் அம்மா முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முறத்தில் ஒன்றும் இல்லை.

“உங்க பையன் வண்டி கடையில கீதும்மா. அதுல ஒரு சாமான் நல்லா கீது. எடுத்துக்கட்டுமா?”

அந்த அம்மா வெறும் முறத்தை ஒருமுறை புடைத்தார். காளியப்பன் இன்னொரு முறை கேட்கவில்லை.

“அது ஓடுமா?”

“ஓடும்மா.”

“யாரு வண்டியில?”

“மலையில தாமோதரன்னு ஒருத்தரு. கேன்ல பால் எடுத்துனு போவாரு.”

“மெதுவா ஓட்டச் சொல்லு.”

திரும்பி வரும்போது, தாமோதரனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். கேட்டால் சொல்வேன் என்றார். கேட்காவிட்டால்?

“கேக்காதவங்கிட்ட போயி சாவு சேதி சொல்லுவாங்களா சார்?”

அந்த வாரமே நான் எழுதினேன். முகநூலில், ஒரே பத்தி. ஊர் பெயர் போட்டேன். அவர் பெயரைப் போடவில்லை, ‘ஒரு மனிதர்’ என்று எழுதினேன். கடைசி வரி இது: ‘இந்த மலையில் பதினேழு வண்டிகள் செத்துப்போனவர்களின் பொறியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.’ அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. முதலில் எழுதியதில் படவேட்டு அம்மாவும் இருந்தார். அவர் இருந்தால் கடைசி வரி மழுங்கியது. எடுத்துவிட்டேன்.

நண்பர்கள் பாராட்டினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதைக் குழுவில் போட்டான். அதன்பின் நடந்ததைப் பார்க்க நான் ஊரில் இல்லை. தாமோதரன் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

விபத்தில் செத்தவரின் பொருள் எல்லைக்கல்லைத் தாண்டி உங்கள் ஊருக்குள் வரக்கூடாது. வந்தே ஆகவேண்டும் என்றால் முதலில் ஊரைக் கேட்கவேண்டும், கல்லருகே கோழி அறுத்துத் தீட்டுக் கழிக்கவேண்டும். காளியப்பனுக்கு இது தெரியாததல்ல. அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்தீர்கள். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன் என்றார் அவர். ஒரு பெரியவர் கேட்டார்:

“யாரைக் கேட்ட? அவங்களைக் கேட்ட. எங்களைக் கேட்டியா?”

அது நியாயமான கேள்வி என்பதை நான் மறுக்கவில்லை. பெற்றவர்கள் தலையாட்டினால் போதும் என்று அவர் நினைத்தார். ஓட்டப்போகிறவர்களையும் கேட்டிருக்கவேண்டும். அது அவருடைய தவறு. ஆனால் கேட்ட பெரியவரின் பேரன், அப்படி ஒரு காயிலோடு போன மார்கழி முழுக்க ஒரே உதையில் வண்டியைக் கிளப்பி வேலைக்குப் போய்வந்தவன். அவன் அங்கேதான் நின்றிருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினீர்கள். உங்களுக்குச் சரியாகக் கழற்றத் தெரியாது என்று அவரே ஸ்பேனரோடு வீடுவீடாக வந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். பழைய காயில்களைத் தேடித்தேடித் திருப்பி மாட்டியிருக்கிறார். தன் வண்டியில் இருந்ததைத்தான் முதலில் கழற்றினார். பதினாறையும் எல்லைக்கல்லுக்கு அப்பால் போட்டீர்கள். அதன்பின் வீட்டு முன்னால் அவர் வண்டி பார்க்கும் கொட்டகைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை என்றார் தாமோதரன். சொல்லத் தேவைப்படவில்லை.

ஒருநாள் அவரே எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்து எடுத்தேன்.

“சார், நல்லாதான் எழுதிகினு கீறீங்க. அந்தம்மாவை மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டீங்க?”

இடம் போதவில்லை என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“அவ்ளோ பெரிய போன்ல ஒரு பொம்பளைக்கு எடமில்லையா?”

சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டிய நேரம் அது. மலையில் மழையா என்று கேட்டேன். லேசாக என்றார்.

அவருக்கு வந்தது காய்ச்சல். செடிகொடிகளில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சி கடித்து வருவது. அவர் மனைவி மல்லிகா குடகில் மிளகு பறிக்கும் வேலைக்குப் போயிருந்தார். அவர் போனில் கேட்டபோது சளிக்காய்ச்சல்தான் என்று காளியப்பன் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் அவர் கதவைத் திறப்பதற்குள் கொட்டகை முன்னால் யாராவது வண்டியோடு நிற்பார்கள். டீ வேண்டும், பீடி வேண்டும், காயிலைப் பார் என்று ஆள் மாற்றி ஆள் வருவார்கள். இப்போது நான்கு நாள் அவர் பாயில் கிடந்தார். நான்கு நாளும் அந்தப் பாதையில் நீங்கள் போய்வந்தீர்கள். ஐந்தாம் நாள் பால் கேனோடு போன தாமோதரன், ஆடுகள் கட்டிய இடத்திலேயே கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு உள்ளே போயிருக்கிறார்.

நடுவில் அவரை உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, தாமோதரன் வண்டியை எடுத்தார். பழைய காயில். கீழே இறங்கும் முன் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. அதில் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை நின்றபோது காளியப்பன் கண்ணைத் திறக்காமல் சொன்னாராம்: “ஈரத்துணி போடுடா. ஆறிடும்.” தாமோதரன் துண்டை ஓடையில் நனைத்துக் காயில் மேல் போட்டிருக்கிறார். ஆறும்வரை மூன்று பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலூரில் டாக்டர், இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்றார். ஆகவே வண்டி நின்ற நேரம் அவரைக் கொல்லவில்லை. தாமோதரன் அப்படி நினைத்துத் தூங்காமல் இருக்கிறார், அவருக்காக இதை எழுதிவைக்கிறேன். கொன்றது அந்த நான்கு நாள். அதில் உங்களுக்கும் பங்குண்டு, எனக்கு உங்களைவிட அதிகம். நீங்கள் ஒரு வாசலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். போகாமல் இருக்கக் காரணம் கொடுத்தவன் நான்.

கருமாதிக்கு வந்தேன். பந்தலில் உங்களில் சிலர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. செத்தவனுடைய காயில் ஆளை இழுத்துக்கொண்டது என்று. அவர் வண்டியில் அப்போது அப்படி ஒரு காயிலே இல்லை. நீங்கள் பார்க்கத்தான் அவர் அதைக் கழற்றினார்.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேர் மல்லிகாவிடம் மெதுவாகப் போனார்கள். எல்லையில் போட்டதைக் காணோம், அவர் எடுத்து வைத்திருந்தாரா, கோழி அறுத்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று ஊரில் பேச்சிருக்கிறது, மழையில் வண்டி கிளம்புவதே இல்லை என்றார்கள். மல்லிகா தலையைத் தூக்கவில்லை.

“செத்தவங்களுது வேணாம்னுதானே தூக்கிப் போட்டீங்க. இப்ப அவரும் செத்தவருதான். அவரு கை பட்டது மட்டும் ஆவுமா?”

அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து நான் போனேன். இப்படி ஒன்று எழுத நினைக்கிறேன், எழுதலாமா என்று கேட்டேன்.

“அவரு கேட்டு எடுத்தாரு. நீங்க கேக்காமயே எடுத்தீங்க. இப்ப இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

நின்றுகொண்டிருந்தேன். பந்தல் கம்புகளைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார்கள். மல்லிகாவே பேசினார்.

“எழுதுங்க. அவரு பேரைப் போட்டு எழுதுங்க. அந்தம்மாவை வுட்டுடாதீங்க.” பிறகு என் வண்டியைப் பார்த்தார். “அதுல கீறது யாருதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. பதினேழாவது அது. ஊர் எல்லைக்கு வெளியே இருந்ததால் கழற்றப்படாதது. ஒன்றரை வருடமாக ஓட்டுகிறேன். கேட்டால் சொல்லியிருப்பார். பதினேழு வண்டிகளைப் பற்றி எழுதியவன் தன் வண்டியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மல்லிகா சொன்னார். பையனின் பெயர், ஊர், அவன் வீட்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னவர் யார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று எல்லாம். காளியப்பன் ஒவ்வொன்றையும் அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

“இதையும் எழுதுவீங்களா?”

இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

காளியப்பனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பெயர். இங்கே அது இல்லை.