லாபம், ரெண்டு, மூணு

போன ஆடி மாதம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. பட்டுப்புடவைக்கான பார்டர், முந்தி டிசைன்களைக் கணினியில் வரைந்து, தறியில் மாட்டும் துளை அட்டை அடிக்கக் கொடுப்பது என் தொழில். என் மனைவி கம்ப்யூட்டர் டீச்சர். அதற்கு முந்தைய வருடம்தான் மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்தாள். பையன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும் அந்தக் கணினியும்தான்.

அது எங்கள் இருவருக்கும் பொதுவானது. என் டிசைன் வேலைக்கு விண்டோஸ், அவள் பாடங்களுக்கு லினக்ஸ் என்று ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். சுவிட்சைப் போட்டதும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நாலைந்து வரி வரும். சட்டென்று அம்புக்குறியைத் தட்டி என் வரியில் நிறுத்தினால் உண்டு. கொஞ்சம் அசந்தால் அது தானாகவே அவள் பக்கம் போய், அவள் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். யாருக்கு முதல் வரி என்று அவள் இருந்தபோது நாங்கள் போடாத சண்டை இல்லை.

ஆடிக் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. வந்த உடனே கணினி தானாக எழுந்து அவள் பக்கம் போய்விடும். டீ குடித்துவிட்டு உள்ளே வந்தால் திரையில் அவள் பெயர். அவளே வந்து உட்கார்ந்திருக்கிறாள் போல மனசு ஒரு துள்ளு துள்ளும். அப்புறம்தான் வீடு காலி என்பது உறைக்கும். அந்த ஏமாற்றம் எனக்குத் தாங்கவில்லை. வேலை கெடுகிறது என்று சாக்குச் சொல்லி, என் பக்கத்தையே நிரந்தரமாக முதலில் திறக்கவைக்க வழி கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினேன். உண்மையில் கேட்க நினைத்தது வேறு. தை மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறதே, வந்துவிடுவாயா என்பதுதான். அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

அவள் ஒவ்வொன்றாகக் குரல் பதிவில் சொல்லி அனுப்பினாள். அவள் பக்கத்துக்குள் போய்த்தான் அதை மாற்ற முடியுமாம். பாஸ்வேர்டு, எங்கள் கல்யாணப் புடவைக்கு நான் போட்ட பார்டரின் பெயர். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், நான்தான் அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டேன். அப்புறம் என் வரி எத்தனையாவது என்று பூஜ்யத்திலிருந்து எண்ணி, அந்த எண்ணைப் போடச் சொல்லியிருந்தாள்.

பூஜ்யத்திலிருந்தா? புடவையை எண்ணினாலும் சரி, பட்டுக் கழியை எண்ணினாலும் சரி, முதலாவதை நாங்கள் "லாபம்" என்றுதான் சொல்வோம். ஒன்று என்று சொல்லவே யோசிக்கிற வாய் பூஜ்யத்தில் தொடங்குமா? டீச்சர் அல்லவா, ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டு, லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணி மூன்றைப் போட்டேன். கணினியை அணைத்துப் போட்டால் அவள் பக்கமும் வரவில்லை, என் பக்கமும் வரவில்லை. நான் பார்த்தே இராத ஏதோ ஒரு திரை, முழுக்க ஆங்கிலத்தில். என் டிசைன்களை விடுங்கள், அவள் பக்கத்தையே அழித்துவிட்டேனோ என்று அவளுக்குப் போன் மேல் போன் போட்டேன்.

மத்தியான இடைவேளையில் போனை எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டாள். எண்ணிக் காட்டினேன். சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

"வாயால லாபம்னே எண்ணிக்கோங்க மாமா. நம்பர் அடிக்கிறப்ப மட்டும் ஒண்ணு கொறச்சிக்கோங்க."

அந்தத் திரையிலிருந்து வெளியே வரும் வழியையும் சொன்னாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மறுபடி அவள் பக்கத்துக்குள் போய் மூன்றை அழித்து இரண்டைப் போட்டேன். என் பக்கம் தானாகத் திறந்தது. அந்தத் தெம்பில், இடத்தை அடைக்கிறது, அவள் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருநாள் சொன்னதை விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அழிச்சிடாதீங்க மாமா. நான் வந்து அதுலதான உக்காரணும்."

"தை மாசம் வந்துடுவியாமா?" கேட்டே விட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக்கினு இருக்காங்க. சரின்னு சொல்லிட்டேன். பையன் படிப்பு முடியணும் இல்ல?"

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் கரண்ட் வந்ததும் கணினி நேராக என் வேலைக்குப் போய் நிற்கிறது. நான் கேட்டதும் அதைத்தானே. ஆனால் மறுநாளே, அவள் பெயர் வராத அந்தத் திரை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் காலையில் கணினியைப் போட்டதும் மேல் அம்புக்குறியைத் தட்டி அவள் பக்கம் போகிறேன். அவள் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அணைத்துப் போட்டு என் பக்கம் வருகிறேன். தானாக வந்து நின்றபோது தாங்கமுடியாமல் தள்ளிவைத்த பெயரை, இன்று நானே தேடிப்போய்ப் பார்க்காமல் ஒரு நாள்கூட வேலையைத் தொடங்குவதில்லை.