எட்டு நிமிஷத்துக்கு மேல்

என் அத்தானுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த முப்பது வருஷத்தில் அவர் ஒரு வரி முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்தை வைத்தே எது மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். ஆக, காதில் கோளாறு இல்லை. அப்படிப்பட்டவர்தான் வருஷா வருஷம் ஒரு பாட்டுப் போட்டியில் மேடைக்கு எதிரே மேஜை போட்டு உட்காருகிறார், கையில் ஸ்டாப்வாட்ச், முன்னால் ஒரு பித்தளை மணி.

போட்டி அவருடைய தங்கையின் நினைவாக நடக்கிறது. மேல்நாட்டுச் செவ்விசை நாடகமான ஆபராவிலும் இசை நாடகங்களிலும் பாடியவள். இருபத்தாறு வயதில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவளோடு பாடியவர்கள் பல வருஷம் கழித்துச் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். இருபத்தைந்து வயது வரை உள்ளவர்கள் பாடலாம். ஆபராவிலிருந்து ஒன்று, இசை நாடகத்திலிருந்து ஒன்று, இரண்டும் சேர்த்து எட்டு நிமிஷம். முதல் பரிசு வாங்கினால் ஒரு நாடகக் கம்பெனியில் ஒரு வருஷம் வேலை. "குடும்பத்திலிருந்து ஒருத்தர் இருக்கணும்" என்று அத்தானைக் கேட்டார்கள். "எனக்கு நேரம் பாக்கத்தாங்க தெரியும்" என்றார். அந்த வேலையையே கொடுத்துவிட்டார்கள்.

எட்டு நிமிஷம் ஆனதும் மணியை அடித்துவிடுவார். மணி கேட்டு நிறுத்தினால் குற்றமில்லை. தாண்டிப் பாடினால் பத்து விநாடிக்கு அரை மார்க் போகும். பிள்ளைகள் அவருக்கு 'எட்டு நிமிஷம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கடைசி வரியில் நிறுத்தினார். அவள் அழுததைப் பார்த்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கல்நெஞ்சு அத்தான் உங்களுக்கு."

"வாட்சுக்கு நெஞ்சு கிடையாதுப்பா."

இந்த வருஷம், பதினோராவது போட்டிக்கு, அதே பெண் வந்தாள். வயது இருபத்தைந்து, இதை விட்டால் அடுத்த வாய்ப்பு இல்லை. பெயர் கூப்பிடுவது என் வேலை என்பதால் நான் அத்தானுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டைக் கலகலப்பாகப் பாடி முடித்தாள். இரண்டாவது, இந்தப் போட்டியில் அதுவரை யாரும் பாடாத ஆபராப் பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகனுடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கும் என்று தானே சொல்லிப் பார்க்கிறாள். குரல் ஏறி ஏறி உச்சத்துக்குப் போய், பிறகு கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி இறங்கிவிடுகிறது.

உச்சத்தில் இருக்கும்போதே எட்டு நிமிஷம் ஆகிவிட்டது. அத்தானின் கை மணிக்கு மேல் நின்றது. அடிக்கவில்லை. முழங்கையால் இடித்தேன், திரும்பவே இல்லை. அவள் முழுவதும் பாடி முடித்தாள். எட்டு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி.

"எட்டுன்னு எழுதுங்க அத்தான். வாட்ச் உங்க கையில, யாருக்குத் தெரியப்போகுது?"

என்னை முறைத்துவிட்டு 8:42 என்று எழுதினார். அதற்குக் கீழே, "மணி அடிக்கவில்லை. தப்பு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மூன்று நடுவர்களும் அவரைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். அவர்களில் மூத்த அம்மா அத்தானின் தங்கையோடு பாடியவர்.

"ஏங்க அடிக்கல?"

"கேட்டுட்டு இருந்துட்டேங்க." அத்தான் தரையைப் பார்த்தார். "இது என் தங்கச்சி எங்க வீட்டுல பாடிப் பழகின பாட்டு. எனக்கு அப்போ நைட் ஷிப்ட், பகல்லதான் தூக்கம். குரல் மேல போனதும் சுவரைத் தட்டுவேன். டக்குனு நிறுத்திடுவா. அதுக்கப்புறம் பாட்டு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதுங்க."

"மேடையில பாடினாளே, நீங்க வரலையா?"

"ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்திருக்கலாம். வரல."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே. எட்டு நிமிஷத்தில் நிறுத்தப்பட்ட மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்களே! அவளுக்கு மார்க் குறைக்க மாட்டோம், எட்டு நிமிஷத்துக்கு மேல் பாடியதைச் சேர்க்கவும் மாட்டோம் என்றார்கள். அரை மார்க் வித்தியாசத்தில் அவளுக்கு இரண்டாம் பரிசு. நாடகக் கம்பெனி வேலை வேறொரு பையனுக்குப் போனது. நியாயம்தான், ஆனாலும் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

வெளியே படிக்கட்டில் அவள் மேடைச் செருப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் மருந்துக் கடைக்குப் போக வேண்டும். அத்தான் அவள் முன்னால் போய் நின்றார்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"மணி அடிச்சாலும் அதே மார்க்குதான் சார், விடுங்க." பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கடைசிப் பகுதியை யாருமே கணக்குல எடுத்துக்கல. எப்படி இருந்துச்சுன்னும் ஒருத்தரும் சொல்லல. நல்லா இருந்துச்சா சார்?"

அத்தான் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"நல்லா இருந்துச்சும்மா. நான் தூங்காம இருந்திருக்கலாம்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.