திரும்பிப் பார்க்காத அப்பா

மூன்று வருடங்களுக்கு முன்பு, கென்யாவில் ஓர் ஏரிக்கரை நகரத்தில் நடந்தது இது. நாங்கள் செந்தூல்காரர்கள். அதுவரை நான் பக்கத்து நாடான சிங்கப்பூரைத் தாண்டியதில்லை. அப்பா அங்கேகூடப் போனதில்லை. சுற்றிப் பார்க்கவா போனோம்? என் தம்பியின் காரியத்துக்குப் போனோம்.

அவன் அந்த ஏரிக்கரை நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தான். மலேரியா. நாங்கள் டிக்கெட் எடுப்பதற்குள் மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் ஒருவர் போனை அவன் வாயருகே பிடிக்க, அப்பா செந்தூல் வீட்டில் அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அங்கேயே தகனம் செய்தோம். அஸ்தியை ஊருக்குக் கொண்டுவந்து கிள்ளான் பக்கம் கடலில் கரைக்கலாம் என்றேன். அப்பாவுக்கு வந்ததே கோபம். "என் பிள்ளைய லக்கேஜ் மாதிரி செக்-இன் பண்ணச் சொல்றியா? அந்த ஏரியிலயே விட்டுடுவோம்மா."

அந்த ஏரி என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். நகரத்தை ஒட்டி, கரையோரமாக ஒரு சின்ன வனவிலங்குச் சரணாலயம். தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவான். மான், குரங்கு, கூண்டில் ஒரு கிழச் சிறுத்தை என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து விழும். ஒருமுறை, கண்ணும் காதும் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்த நீர்யானையை அனுப்பி, "அக்கா, உன்ன மாதிரியே தூங்குது பாரு லா" என்று எழுதியிருந்தான். நன்றாகத் திட்டிவிட்டேன்.

வாசலில் நின்ற காவலரிடம் தம்பியின் படத்தைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வாராவாரம் வந்து தன்னோடு பேசிக்கொண்டிருப்பான் என்றார் ஆங்கிலத்தில். யாரையும் இறங்க விடாத கரைக்கு எங்களை அவரே அழைத்துப்போனார். நீர்யானைகள் தூரத்து நாணலில் கிடப்பதைக் காட்டி, முழங்காலளவுக்கு மேல் போகக் கூடாது என்றார்.

எங்கள் வழக்கப்படி தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று, அஸ்திச் சட்டியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். திரும்பினால் போகிற உயிர் போக மனமில்லாமல் நின்றுவிடும் என்பார்கள். அப்பா அப்படியே செய்தார். வேட்டி நனைந்து காலில் ஒட்ட, கரையில் நின்ற என்னைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால் தண்ணீர் பிளந்தது. முதலில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அப்புறம்தான் அந்தக் கறுத்த தலையைப் பார்த்தேன்.

"அப்பா! பின்னால! ஓடி வாங்கப்பா!"

அப்பா ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நீர்யானை வாயைப் பிளந்தது. காவலர் பூட்ஸோடு தண்ணீரில் பாய்ந்து, அப்பாவின் இடுப்பைக் கட்டி இழுத்து வந்து கரையில் தள்ளினார். அந்த மிருகம் ஆழமில்லாத இடம் வரை துரத்தி வந்து, சற்று நின்று, மறுபடி அமிழ்ந்தது. பாறையில் உரசியதில் காவலரின் கையெல்லாம் ரத்தம்.

"ஏன்பா ஓடி வரல?" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆத்திரத்தில் வேறு என்னென்னவோ சொன்னேன்.

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "பின்னால மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சும்மா. போன்ல கேட்ட அதே சத்தம். தம்பிதான்னு நெனச்சேன். திரும்பக் கூடாது, சரி. ஆனா அவன விட்டுட்டு எப்படிம்மா ஓடுறது?"

காவலர் என்னிடம் அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் அப்பாவின் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தார். உங்களுக்காக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சட்டி அப்போதே மூழ்கிவிட்டது, உங்கள் மகன் போய்விட்டான், வந்தது வெறும் மிருகம் என்றார். அதைத் தமிழில் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைக் கேட்டபிறகுதான், தம்பி போனதிலிருந்து அழாத அப்பா அழுதார்.

இன்றும் எல்ஆர்டி ரயில் ஸ்டேஷனிலோ காய்கறி வாங்கும் பாசாரிலோ யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அப்பா அப்படியே நின்றுவிடுவார், திரும்ப மாட்டார். அந்த மூச்சு அவர் காதில் இன்னும் ஓயவில்லை என்று தெரிந்ததால், எவ்வளவு அவசரம் என்றாலும் நாங்கள் சுற்றிக்கொண்டு போய் அவர் கண்முன்னால் நின்ற பிறகுதான் "அப்பா" என்று கூப்பிடுகிறோம்.