சம்பந்தம் சார் எழுதிய லாரி

"கம்ப்யூட்டர் சார் போயிட்டாருங்க" என்றார் ஆலை வாசல் வாட்ச்மேன். பெரம்பலூர் பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போன செய்தி. நம் சிமெண்டு ஆலையில் கம்ப்யூட்டர் சார்கள் மூன்று பேர். நானும் அதில் ஒருவன் என்பதால், எந்தக் கம்ப்யூட்டர் சார் என்று சற்று அக்கறையோடு விசாரித்தேன். சம்பந்தம் சார்தான். தூக்கத்திலேயே முடிந்துவிட்டதாம். ஆலையில் அவருக்குக் கிடைக்காத தூக்கம்.

அவர் அவசரப்பட்டு நாம் பார்த்ததில்லை. "இன்னிக்கே வேணும்கிறவரு நேத்தே சொல்லியிருக்கலாம்ல" என்பார், சலிப்போடு. முதலாளியின் மகன் அமெரிக்காவிலிருந்து ஆப்ஜெக்டிவ்-சி என்ற புது மொழியை ஃபிளாப்பிகளில் கொண்டுவந்து, எடைமேடைக்கு அதில்தான் புரோகிராம் எழுத வேண்டும் என்றபோதும் அதையே சொன்னார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

அந்த மொழியில் முதலில் 'லாரி' என்று ஒரு வகையை எழுத வேண்டும். பிறகு வாசலுக்கு வரும் ஒவ்வொரு லாரிக்கும் அந்த வகையிலிருந்து ஒரு பொருளை உண்டாக்க வேண்டும். வெளியே போகும்போதுள்ள எடையில் உள்ளே வந்தபோதிருந்த காலி எடையைக் கழித்தால் ஏற்றிய சிமெண்டு எவ்வளவு என்று தெரியும்; அந்தக் காலி எடை அந்தந்தப் பொருளிடம் இருக்க வேண்டியது. சார் அதை வகையிடம் வைத்துவிட்டார். கேட்கும்போதும் வகையிடமே கேட்டார். அதனால் கடைசியாக உள்ளே வந்த லாரியின் எடையே எல்லா லாரிக்கும் எடையாயிற்று. ஒரே லாரியை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிரசாதம்கூடக் கொடுத்தார்கள்.

பாடாலூர் செல்வராசுவின் பழைய கனத்த லாரிக்குப் பின்னால் எடை குறைந்த புது லாரி ஒன்று உள்ளே வந்த அன்று, செல்வராசு கூடுதல் சிமெண்டோடு வெளியேறுவதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. மூட்டைகளை இறக்கி எண்ணினார்கள். சரியாக இருந்தன. ஆகவே மிச்சத்தை எங்கோ ஒளித்திருக்கிறான் என்று முடிவாயிற்று. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். போலீசைக் கூப்பிடுவதாக மேனேஜர் சொன்னார்.

சார் புரோகிராமைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எடைமேடை மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன்.

"அது என்னய்யா பண்ணுச்சு, பாவம்" என்று எழுந்து போனார்.

மேனேஜரிடம் அவர் பேசியது இவ்வளவுதான்: "தப்பு என்னோடதுங்க. இந்த லாரி எவ்வளவுன்னு கேக்காம, லாரின்னா எவ்வளவுன்னு கேட்டு எழுதிட்டேன்."

"எல்லாம் லாரிதானே?" என்றார் மேனேஜர்.

"லாரிங்கிற வகைக்கு எடை கிடையாதுங்க. வாசல்ல நிக்கிறதுக்குத்தான் உண்டு."

மேனேஜருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் குற்றத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷம் சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. செல்வராசு நன்றி சொல்லவில்லை. "படிச்சவங்க எல்லாருமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். "அவனும் வகையத்தான் கேக்குறான்" என்றார் சார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது 'தப்பு என்னோடதுங்க' என்ற அந்த இரண்டு சொற்களை. டீ வேண்டும் என்று சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நம் ஆபீசில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. பத்திரமாக இருக்கிறது.