எதிர்ச் செட்டு

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கச்சேரி கேட்க இன்று திருப்பதியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அங்கே முதல் கச்சேரி செய்தவர் என் நைனா. அதற்காக மூன்று நாள் நான் அவரோடு பேசாமல் இருந்தேன்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கருங்கல் சுவரும் வளைவுக் கூரையுமாக அந்தக் கூடத்தைக் கட்டியது யாருடைய தாத்தா என்று இன்னும் தகராறு உண்டு. கல்யாணமும் பஞ்சாயத்தும் அங்கேதான் நடக்கும். புயல் வந்தால் ஊர்க்காரர்கள் அங்கே போய்த் தங்குவார்கள். எங்கள் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். பிறகு ஏசி மண்டபங்கள் வந்தன, கூடம் வேர்க்கடலைக் குடோன் ஆயிற்று. மூட்டைகளை ஏற்றிப் போன ஒருநாள், ஓய்வு பெற்ற வயலின் வாத்தியார் ஒருவர் உள்ளே போய்க் கனைத்துப் பார்த்தாராம். தன் கனைப்பு அவ்வளவு நேரம் நின்றதைக் கேட்டு மனுஷர் சொக்கிப்போனார். ஊரைக் கெஞ்சி, வெள்ளையடித்து, அதைக் கச்சேரிக் கூடமாக்கினார். முதல் நாள் நைனாவின் பலகை ஒலிக்கவேண்டும் என்று எங்கள் தெருவுக்கே வந்து அழைத்தார்.

பறையைத்தான் நாங்கள் பலகை என்போம். அந்தக் கூடத்துக் கல்யாணங்கள் எத்தனைக்கோ நைனா அடித்திருக்கிறார். அப்புறம் எனக்கென்ன குறைச்சல்? நான்காம் வகுப்பு மொத்தத்தையும் கச்சேரிக்கு அழைத்துவிட்டேன்.

அன்று நைனா வழக்கம்போலக் கூடத்துக்கு வெளியே புங்க மரத்தடியில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். வாசலில் இரண்டு முறை கால் கழுவினார். நேரமாகிறதே என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். கூரை அவ்வளவு உயரம். என் கொலுசுச் சத்தமே யாரோ பெரிய மனுஷி நடந்து வருவதுபோல் கேட்டது.

நைனா முழு வீச்சில் ஓர் அடி அடித்து நிறுத்தினார். பின்சுவரிலிருந்து அதே அடி திரும்பி வந்தது. அவர் குச்சியை இறக்கி, தலையைச் சாய்த்து, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“ஏமி, மர்ச்சிபோயினாடா?” என்று தெலுங்கில் ஒருவர் கேட்டார். அடிக்க மறந்துவிட்டான் என்று கூடமே சிரித்தது. என் வகுப்பும் சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

வயலின் வாத்தியார் எழுந்து, “அது உங்க அடிதாங்க, செவுரு திருப்பிக் குடுக்குது” என்றார்.

நைனா மெதுவாக ஒரு தட்டுத் தட்டிக் கேட்டார். அப்புறம்தான் கச்சேரி தொடங்கியது. அவர் அடித்துவிட்டுக் காத்திருப்பார், சுவர் பதில் சொல்லும், அது ஓய்வதற்குள் அடுத்த அடி விழும். ஒற்றை ஆள், கேட்பதோ இரண்டு பலகைச் செட்டு. சிரித்தவர்களில் ஒருவரும் அசையவில்லை.

ஆனாலும் சிரித்தார்களே என்ற கோபம் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், “ஏன் நைனா நடுவுல நின்னுட்ட?” என்று கேட்டேன்.

“எதிர்ச் செட்டு அடிக்கிறாங்கன்னு நெனச்சிக்கினேன் பாப்பா. ஜாத்திரையில பாத்துகிற இல்ல? அவங்க பதில் அடிக்க சொல்ல நாம குறுக்க அடிக்கக் கூடாது.”

“அங்க எத்தினி கல்யாணத்துக்கு அடிச்சிகிற? எக்கோ வரும்னு உனக்குத் தெரியாதா?”

நைனா பலகையைத் தோள் மாற்றிக்கொண்டார். “மரத்தாண்ட எக்கோ வராது பாப்பா.”

சமாளிக்கிறார் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கூடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. நைனாவுக்கும் அதுதான் முதல் தடவை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.