ஊர் என்ற கட்டம் இல்லாத கொப்பி

என் தம்பி கிறிஸ்துநாயகம் டெனிஷ் மொழியில் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்த முதல் எழுத்து ஒரு சட்டத்தாள். இரண்டே பக்கம். வாசித்து முடிக்க ஒன்பது நாள் எடுத்தான். ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் கருத்து எழுதியிருந்தான். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அது என்னிடம் வந்து சேர்ந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

அம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பதினாலு. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவனை விடாமல் படிக்க வைத்தேன். 1984 இல் இருவரும் டென்மார்க்குக்கு வந்தோம். இக்காஸ்ட் நகரில் எனக்குத் தையல் தொழிற்சாலையிலும் அவனுக்குத் துணிக்குச் சாயம் போடும் இடத்திலும் வேலை கிடைத்தது. இருக்கத்தான் இடமில்லை. ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பதினெட்டு அங்குலம், அளந்து பார்த்திருக்கிறேன். நான் கட்டிலில், அவன் அந்தப் பதினெட்டு அங்குலத்தில்.

1985 ஒக்டோபரில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. எட்டு வீடுகள் உள்ள மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்கு. தம்பி தொலைபேசியில் கதைத்தான். உடனே வரச் சொன்னார்கள். போனான். வீட்டுக்காரர் கிறவர்சன் என்ற கிழவர். கதவைத் திறந்தார், இவன் முகத்தைப் பார்த்தார், "வீடு கொடுத்தாயிற்று" என்றார். அடுத்த கிழமை அதே விளம்பரம் மறுபடி வந்தது. தம்பி இரண்டையும் வெட்டி, திகதி எழுதி, ஒரே கடதாசியில் ஒட்டி, நகர நூலகத்துக்குக் கொண்டு போனான். அங்கே வேலை செய்த பெண் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தானே தொலைபேசியை எடுத்துக் கிறவர்சனோடு பேசினார். வீடு காலியாகத்தான் இருந்தது. இன்றைக்கே வந்து பார்க்கலாம் என்று கிழவர் சொன்னாராம்.

அந்தப் பெண்தான் சட்டத்தாளைப் படி எடுத்துக் கொடுத்தார். 1971 இல் வந்த சட்டம். தொழில் நடத்துகிற எவரும் நிறத்துக்காகவோ இனத்துக்காகவோ மதத்துக்காகவோ ஒருவருக்கு மற்றவர்களுக்குச் செய்வதைச் செய்ய மறுக்கக் கூடாது. தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுக்கிறவரை இந்தச் சட்டம் கேட்காது, எட்டு வீடு வைத்து வாடகைக்கு விடுகிறவரைக் கேட்கும் என்று விளக்கினார். "நான் வழக்கறிஞர் இல்லை, எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னாராம்.

நவம்பர் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு கிறவர்சனிடம் போனான். வழியில் "தம்பி, சண்டை பிடிக்காதை. நாங்கள் வந்தேறின ஆக்கள்" என்றேன்.

"சண்டை எங்க அக்கா? பாடம் கேக்கப் போறன்."

கிழவர் கதவைத் திறந்ததும் தம்பி தாளை நீட்டினான். தான் டெனிஷ் படிக்கிறவன், இதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று தெரியவில்லை, ஒருக்கால் சத்தமாக வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'தொழில்' என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தினார். தம்பி விரலை அந்தச் சொல்லில் வைத்து, "இது எனக்கு விளங்கவில்லை. எட்டு வீடு என்றால் இதில் சேருமா?" என்றான். கிழவரின் கழுத்து சிவந்தது. பிறகு உள்ளே போய் வீட்டுத் திறப்பை எடுத்து வந்து தம்பியின் கையில் வைத்தார்.

திரும்பி நடக்கும்போது தம்பி அவர்கள் பேசினதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். இவனை நான் வளர்த்தேன் என்று அன்றைக்கு எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. தொழிற்சாலையில் ஒருவர் விடாமல் சொன்னேன்.

குடிவந்த அந்தக் குளிர்காலத்தில் வீட்டு வாசலில் விழுந்த பனியை விடிய ஐந்து மணிக்கே தம்பி வழித்துவிடுவான். உடுப்புத் தோய்க்கும் அறைக்கு யார் எப்போது என்று அட்டவணை எழுதி ஒட்டினான். கிறவர்சன் பார்த்துக்கொண்டே இருந்தார். டிசம்பர் கடைசியில் தானே வந்து கதவைத் தட்டி, இடுப்புவலியோடு படியேற முடியவில்லை, வீடுகளை நீ பார்த்துக்கொள், காலியாகிற வீட்டுக்கு ஆளையும் நீயே தேடு, நான் கையெழுத்து மட்டும் வைக்கிறேன் என்றார்.

தம்பி ஒரு கொப்பி வாங்கி அடிமட்டம் வைத்துக் கோடு போட்டான். மூன்று கட்டம். பெயர், எத்தனை பேர், கேட்ட திகதி. முதலில் கேட்டவருக்கு முதலில் வீடு.

நான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர் எண்டொரு கட்டம் போடேல்லையே?" என்றேன்.

"ஏன் போடவேணும்?"

"ஆர் எவர் எண்டு தெரியவேணுமெல்லே. ஒரே படியில ஏறி இறங்கிற ஆக்கள்."

"அந்த மனிசன் என்ர மூஞ்சையைப் பாத்து வீடு இல்லையெண்டான். நீ ஊரைக் கேட்டு இல்லையெண்டு சொல்லப் போறியோ? அதுக்குத்தான் கட்டம் போடேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

ஜனவரியில் கீழ்வீடு காலியாயிற்று. கொப்பியில் முதல் பெயர் அந்தோனிதாசன், நான்கு பேர். அவரும் மனைவி தவமணியும் இரண்டு பிள்ளைகளும் ஊருக்கு வெளியே ஒரு பழைய பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். இளைய பிள்ளை றோஸுக்கு நாலு வயது, நெஞ்சில் இழுப்பு. அந்தச் சுவருக்குள் இருக்கும் வரை இழுப்பு மாறாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது பெயர் என் மாமியின் மகள் விக்ரோரியா.

தம்பிக்கு அந்தக் கிழமை பின்னேர வேலை. "அவை வந்தா வீட்டைக் காட்டி, கையெழுத்து வைக்க இந்த வாடகைத் தாளைக் குடு. வேற ஒண்டும் கேக்காதை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தவமணியும் புருஷனும் நாலு மணிக்கு வந்தார்கள். கீழ்வீட்டைக் காட்டினேன். தவமணி கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "காய்ஞ்சு கிடக்கு" என்றாள் புருஷனிடம். அவள் கண் கலங்கியிருந்தது. மேலே கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தேன். அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள் என்று பேச்சில் தெரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்கள் எவடம், பிள்ளை?"

சொன்னாள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அங்கே இரண்டு கோயில். இரண்டும் மாதா கோயில்தான், ஒன்று கடற்கரையில், மற்றது றோட்டோரத்தில். எந்தக் கோயில் என்று தெரிந்தால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.

"எந்தக் கோயிலடி?"

தவமணி கோப்பையைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று அவர்களுக்கும் தெரியும். அந்தோனிதாசன்தான் பதில் சொன்னார். தலையைக் குனியாமல் சொன்னார்.

நான் மேசை லாச்சியை இழுத்து வாடகைத் தாளை உள்ளே வைத்து மூடினேன். "தம்பி ஆருக்கோ சொல்லிப்போட்டான் போல கிடக்கு. மறந்துபோனன். வீடு குடுத்தாச்சு" என்றேன்.

எந்தச் சொல்லைக் கேட்டு என் தம்பி ஒக்டோபரில் படியிறங்கி வந்தானோ, அதே சொல். சொல்லும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பிறகுதான் வந்தது. அவர்கள் போனபின், எங்களிடமிருந்த ஆறு கோப்பையில் அவர்கள் குடித்த இரண்டையும் தனியாக எடுத்து வைத்தேன்.

தம்பி வேலையால் வந்து கேட்டான். "வேற இடம் கிடைச்சிட்டுதாம். வேண்டாமாம்" என்றேன். "நல்லம். அந்தப் பிள்ளைக்கு இனிச் சுகம்" என்று சொல்லி, அடிமட்டம் வைத்து அந்தப் பெயரை வெட்டினான். விக்ரோரியா குடும்பம் கீழ்வீட்டுக்கு வந்தது.

அந்தப் பெப்ரவரி பொல்லாத குளிர். மாதக் கடைசியில் றோஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகத் தொழிற்சாலையில் கதைத்தார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். நான் தையல் மெசினைவிட்டு நிமிரவில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை.

மார்ச் இருபத்து மூன்றாம் திகதி குருத்தோலை ஞாயிறு. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றபோது, தம்பி அந்தோனிதாசனைக் கண்டு அவனாகவே கிட்டப் போனான். றோஸ் தகப்பனின் தோளில் கிடந்தாள். மூச்சு விசில்போலக் கேட்டது.

"அண்ணை, புது வீடு எப்பிடி?"

"எந்தப் புது வீடு? பட்டறைக்கு மேலதான் கிடக்கிறம்."

"நீங்கள் கீழ்வீடு வேண்டாமெண்டு சொன்னியளாமே?"

அந்தோனிதாசன் என்னைப் பார்த்தார். பிறகு அவனிடம் திரும்பினார். "ஏன் தம்பி, உங்கட சட்டத்தாள் வெள்ளைக்காரருக்குக் காட்ட மட்டும்தானோ? எங்களுக்குக் கோயில் கேட்டுத்தான் வீடு குடுப்பியளோ?"

தம்பி என் பக்கம் திரும்பினான். நடந்ததை என் முகத்தில் பார்த்துவிட்டான். கையிலிருந்த குருத்தோலை கீழே விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டான்.

"நீ கேட்டனியோ?"

"ஓம்."

"ஏன்?"

எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவருக்கு வருகிற கோபம்தான். "உன்ர சட்டத்தில சாதி எண்டு எங்க கிடக்கு, காட்டு பாப்பம். நிறம் கிடக்கு, இனம் கிடக்கு, மதம் கிடக்கு. நீதானே வாசிச்சுக் காட்டினனீ?"

தாளை எடுத்து மேசையில் வைத்தான். "இல்லைத்தான். இதில அந்தச் சொல் இல்லை. ஏன் இல்லை தெரியுமோ? அப்பிடியொண்டு உலகத்தில கிடக்கெண்டே இவங்களுக்குத் தெரியாது, அக்கா. எங்களுக்குத் தெரியும்." தாளை என் பக்கம் தள்ளி, "வளத்தவள் எண்டு உன்னை நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா இந்தத் தாளை இனி நீ வைச்சிரு. எனக்கு இது தெரியும்" என்றான்.

விக்ரோரியாவை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. கையெழுத்து வைத்துக் குடிவந்தவளைக் காக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அதுவும் தம்பி படித்து வைத்திருந்தான். அதனால் அடுத்த நாளே கிறவர்சனிடம் போய், எங்கள் வீட்டை விடுகிறோம், அதை அந்தோனிதாசனுக்கு எழுதிக் கொடுங்கள் என்றான். வீடு பார்க்கிற வேலையையும் கொப்பியையும் திருப்பிக் கொடுத்தான். கிழவர் திகைத்துப்போய், "ஏன்? நீங்கள் எல்லாரும் ஒரே ஆட்கள்தானே?" என்றாராம்.

"ஓம்" என்றானாம் தம்பி. "அதை அக்காவுக்குச் சொல்லத்தான் வீட்டை விடுகிறோம்."

ஏப்ரல் முப்பதாம் திகதி வீட்டை விட்டோம். நான் மூன்று நாள் துப்புரவாக்கினேன். அடுப்புக்குப் பின்னால், யன்னல் விளிம்பு, கதவுக் கைபிடியின் அடிப்பக்கம்கூட விடவில்லை. ஒரு தூசி இருந்ததென்று யாரும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். மத்தியானம் அந்தோனிதாசன் குடும்பம் வந்தது. றோஸ் படியேற முடியாமல் ஒவ்வொரு படிக்கும் நின்றாள். நான் திறப்பைத் தவமணியிடம் நீட்டினேன்.

"வடிவாக் கழுவித்தான் வைச்சிருக்கிறன், பிள்ளை" என்றேன்.

தவமணி திறப்பை வாங்கவில்லை. புருஷன்தான் வாங்கினார். அவள் உள்ளே போனாள். அன்றைக்குப் போலவே சுவரைத் தடவினாள். பிறகு என்னிடம் திரும்பி, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"கோவிக்காதைங்கோ அக்கா. நாங்கள் இன்னொருக்கால் கழுவிப்போட்டுத்தான் இருப்பம்."

எனக்கு அது விளங்கியது. அவள் நாக்கில் அந்த வசனத்தை யார் வைத்தது என்பதும் விளங்கியது. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டு முற்றத்தில் அவளுடைய ஆட்கள் போன பிறகு தண்ணீர் தெளித்திருக்கிறோம்.

நான் பெட்டிகளோடு கீழே இறங்கி மழைத்தூறலில் நின்றேன். தம்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, தும்புத்தடி தேய்க்கிற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு யன்னலுக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றான். நான் துடைத்த நிலத்தை அவர்களோடு சேர்ந்து அவனும் கழுவிக்கொண்டிருந்தான்.

முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. இறங்கி வந்து என் பெட்டியையும் தானே தூக்கினான். மே பதினோராம் திகதி, தூரத்தில் உள்ள டோஸ்ட்ருப் நகருக்கு வேலை எடுத்துக்கொண்டு போனான். நான் பழைய நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பதினெட்டு அங்குலம் இப்போது காலியாகக் கிடக்கிறது.