முருகன் என் தொண்டையைக் கட்டிய வைகாசி

முருகன் அடியார்களே, வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் கல்லூரியில் சேர மாட்டார்கள். தலை நரைத்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது.

திருப்போரூர் பக்கம் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கோடை விடுமுறையில் எங்களுக்கு வீடு வீடாகப் போய் மாணவர் சேர்க்கும் வேலை. அச்சரப்பாக்கத்தில் ஓர் அப்பா, "இத்தப் படிச்சா பையன் இன்னா சார் ஆவான்?" என்று கேட்டார். "என்னை மாதிரி ஆவான்" என்றேன், தமாஷாக. அவர் என் தேய்ந்த செருப்பைப் பார்த்தார். பையன் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டான். போன ஊரிலெல்லாம் இதே கதை.

என் வகுப்பில் மூன்றே பேர். என்னோடு வரலாறு நடத்திய ராஜசேகர் சாரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது மனை விற்கிறவர்களோடு வெயிலில் நிற்கிறார். இந்த வருடம் பத்துப் பேராவது சேராவிட்டால் துறையையே மூடுவோம் என்றார் முதல்வர். காலி வகுப்பில் உட்கார்ந்து அழுதேன். வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை.

வைகாசிக் கிருத்திகையன்று திருப்போரூர் சன்னதியில் நின்று, கேட்கிறவர்கள் மயங்குகிற மாதிரிப் பேச்சைக் கொடு முருகா என்று வேண்டினேன். மறுநாள் காலை குரலே இல்லை. தொண்டை புண்ணாகிவிட்டது, ஒரு வாரம் பேசக் கூடாது என்றார் டாக்டர். முருகனிடம் சண்டை போட்டேன். அதுவும் மனசுக்குள்தான்.

லீவு கிடையாது. மாமல்லபுரத்தில் சங்கு மாலை விற்கும் தேவகி அம்மா வீட்டுக்குப் போய், தொண்டையைக் காட்டிச் சைகை செய்துவிட்டு உட்கார்ந்தேன். மகள் கவிதாவை நர்சிங் சேர்ப்பதாக இருந்தார்கள். கவிதா கேட்டாள்: "சார், இங்க நெறைய கல்லு பாதி செதுக்குனதோட நிக்கிது. ஏன் சார் அப்டியே வுட்டுட்டுப் போனாங்க?"

இதற்கு நான் ஒரு மணி நேரம் பேசுவேன். அன்று கையை விரித்தேன். அவளே ஒரு காரணம் சொன்னாள், அவளே மறுத்தாள். கடைசியில், "படிச்சித்தான் பாக்கணும்" என்றாள். வரலாற்றில் சேர வந்தபோது கூடப் படித்தவர்களையும் இழுத்து வந்தாள். பத்துக்கு மேலேயே தேறியது.

துறை இந்த வருடம் பிழைத்தது. அடுத்த வருடம் தெரியாது. ராஜசேகர் சாரின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நான் இப்போது வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகுகிறேன். நீங்களும் முருகனிடம் கேளுங்கள். கேட்டதற்கு நேர்மாறாக வந்தாலும் கொஞ்சம் பொறுங்கள்.

குரல் திரும்பியதும் தேவகி அம்மாவிடம் போய் முருகன் கருணையை நீட்டி முழக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அன்னிக்கும் இப்டிப் பேசிகினு இருந்திருந்தா, பொண்ண நர்சிங்குக்கே அனுப்சிருப்பேன் சார்."